‘மட்டமான படம்’ – எந்தத் தராசில்?

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட கவர்ச்சித் திரில்லர் படங்களைப் பற்றித் தென்மாவட்டத்து ஆண்களிடம் கருத்துக் கேட்டால் மூன்று பதில்கள் வரும். ஒன்று, “மட்டமான படம்.” இரண்டு, “நான் பார்த்ததே இல்லை.” மூன்று, “அவள்லாம் ஒரு பொம்பளையா?” இந்த மூன்றையும் ஒரே ஆள், ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு. பார்க்காத படம் மட்டம் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது, நடித்தவளைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிப் பேச முடிகிறது என்று கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். நாமும் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம்தான். ஆனால் இந்த மூன்று பதில்களும் தனித்தனியானவை அல்ல. ஒரே பார்வையின் மூன்று பக்கங்கள் அவை. அந்தப் பார்வையைப் பழக்கிக் கொடுத்தது சினிமா அல்ல, சாதி என்பதே என் வாதம்.

தென்மாவட்டங்களின் பழைய திரையரங்குகளைப் பற்றி ஆய்வு செய்துவருகிறேன். திசையன்விளை என் சொந்த ஊர் என்பதால் அங்கிருந்தே தொடங்கினேன். தேரி மண்ணும் பனையும் சூழ்ந்த வியாபாரிகளின் ஊர் இது. சந்தைக்கும் ஜவுளிக்கும் வரும் சுற்றுப்பட்டுக் கிராம மக்களுக்குச் சினிமாவும் இங்கேதான். புதுப்படம் வராத வாரங்களில், பதினோரு மணிக் காட்சிகளில் எங்கள் பக்கத்துத் தியேட்டர்கள் பலவற்றைக் காப்பாற்றியவை மலையாளத்திலிருந்து வந்த ‘ஏ’ சான்றிதழ் படங்கள். 2000ஆம் ஆண்டு ஆர்.ஜே. பிரசாத் இயக்கத்தில் ஷகிலா நடித்து வெளியான ‘கின்னாரத்தும்பிகள்’ அந்த அலையின் உச்சம். சுமார் 12 லட்சம் ரூபாய்ச் செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் கோடிகளில் வசூலித்ததாகச் சொல்லப்படுகிறது. பல மொழிகளுக்கு அது போனது. பெரிய நட்சத்திரங்களின் படங்களே தடுமாறிய காலத்தில், ஷகிலாவின் முகம் ஒட்டிய சுவரொட்டி இருந்தால் போதும் என்ற நிலை இருந்தது.

அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் இன்று நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து இதைக் கேட்கிறாளே என்று முதலில் நெளிந்தார்கள். “அண்ணாச்சி, பேரு எழுத மாட்டேன்” என்ற பிறகு பேசினார்கள். விளக்கு அணைந்த பிறகு உள்ளே போவது, விளக்கு எரிவதற்கு முன் வெளியே வருவது, இடைவேளையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என எல்லாம் சொன்னார்கள். இடையில் ஒட்டப்படும் ஆபாசக் காட்சியை நம்மூரில் ‘பிட்டு’ என்பார்கள். மலையாளத்தில் அதற்கு ‘துண்டு’ என்றே பெயர். திரையில் ஒரு துண்டு, தலையில் ஒரு துண்டு.

ஒரு கேள்விக்கு மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். யார் அதிகம் வருவார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. “எம்மா, நான் ஒரே ஒரு தடவதான் போனேன். அதுவும் கூட்டாளி கூப்பிட்டானேன்னு. தெனமும் போறது அந்தத் தெருப் பயலுவதான்” என்றார் ஒரு கடைக்காரர். ‘அந்தத் தெரு’ எது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிலம் உள்ளவர் கூலிக்காரரைக் கைகாட்டினார். கடைக்காரர் கடற்கரைக்காரரைக் கைகாட்டினார். எல்லா விரல்களும் கடைசியில் தலித் குடியிருப்பை நோக்கியே நீண்டன. எல்லோரும் ஒரு தடவை மட்டுமே போயிருந்தால் அந்தப் படங்கள் எப்படி வாரக்கணக்கில் ஓடின?

டிக்கெட் கிழித்தவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பதினோரு மணிக் காட்சிக்குக் கூலிக்காரன் எப்படிம்மா வருவான்? அன்னைக்குக் கூலி போயிரும்லா? கடைய வேலக்காரன்ட்ட விட்டுட்டு வாறவன்தான் வருவான். அந்தப் படத்துக்கு முதல்ல நெறையுறது பால்கனி.” ஒருவரின் நினைவை வைத்துப் புள்ளிவிவரம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அவருடைய தர்க்கத்தில் பழுதில்லை. பகலில் ஓய்வு யாருக்கு இருந்தது என்ற கேள்வி, அந்தப் படங்களின் பார்வையாளர் யார் என்ற கேள்விக்குப் பாதிப் பதில்.

தமிழ்ச் சினிமாவைப் பற்றி எழுதிய ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி, தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கு என்று கவனப்படுத்தினார். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கொடுக்கும் காசு. சாதிச் சமூகத்துக்கு இது சிறிய அதிர்ச்சி அல்ல. கோயிலில், குளத்தில், தேநீர்க் கடையில் பிரித்து வைத்தவர்கள் கொட்டகையின் இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. அந்த அதிர்ச்சியை ஈடுகட்ட, பிரிக்கும் வேலையை நம் மொழி ஏற்றுக்கொண்டது. ‘தரை டிக்கெட்’, ‘லோக்கல்’, ‘கீழ்த்தரம்’, ‘மட்டம்’ என்று ரசனையை அளக்க நாம் வைத்திருக்கும் சொற்களைப் பாருங்கள். எல்லாமே மேல் கீழ் என்று அடுக்கும் சொற்கள். ஒரு படம் மோசமாக எழுதப்பட்டிருக்கிறது, மோசமாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால் அது விமர்சனம். அது ‘கீழ்’ என்று சொல்லும்போது, அதை எந்தத் தெருவுக்குத் தள்ளுகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

ஆபாசம் என்பது துணியின் அளவில் இருக்கிறது என்பது பொதுப்புத்தி. எங்கள் பகுதியின் வரலாறு அதை ஒப்புக்கொள்ளாது. எங்கள் ஊரிலிருந்து மேற்கே போனால் பழைய திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்களும் அவர்களைவிடக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைப்பது குற்றமாக இருந்தது. மேல்சாதியாரின் முன் மார்பைத் திறந்து நிற்பதே மரியாதை என்று விதிக்கப்பட்டிருந்தது. 1820களிலும் 1858–59இலும் தோள்சீலைக்காகப் பெரும் மோதல்கள் நடந்தன. பெண்களின் மேலாடைகள் சந்தைகளில் கிழிக்கப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது: மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது.

இந்த நிபந்தனையை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கதைக்கு வாருங்கள். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் உள்ள அகஸ்தீஸ்வரத்தோடு வாழ்வு பிணைந்த ஜே.சி. டேனியல், சொத்தை விற்று ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அது. அது திரையிடப்பட்ட ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள். நாயகியாக நடித்தவர் பி.கே. ரோஸி, புலையர் சமூகத்தில் பிறந்த கூத்துக் கலைஞர். படத்தில் அவர் ஏற்ற பாத்திரம் ஒரு நாயர் பெண். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் திரையிட்டபோது ஆதிக்க சாதிப் பார்வையாளர்கள் திரை மீது கல்லெறிந்தார்கள். ரோஸியின் குடிசை கொளுத்தப்பட்டது. ஊரைவிட்டுத் தப்பியவர் நாகர்கோவில் பக்கம் வந்து, ராஜம்மாள் என்ற பெயரில், தான் நடிகை என்று சொல்லாமலே வாழ்ந்து மறைந்தார்.

ரோஸி திரையில் உடலைக் காட்டவில்லை. முழுதாக உடுத்தியிருந்தார். உடுத்தியதுதான் அவர் செய்த குற்றம். ‘மேல்சாதிப் பெண்களைப் போல அல்ல’ என்ற 1859ஆம் ஆண்டின் நிபந்தனையை, சுமார் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பார்வையாளர்கள் கையில் கல்லோடு காவல் காத்தார்கள். சாதிக் கண்ணுக்கு, ஒடுக்கப்பட்ட பெண்ணின் திறந்த மார்பு ஒழுங்காகத் தெரிந்தது, அவள் கட்டிய நாயர் சேலை ஆபாசமாகத் தெரிந்தது. தென்னிந்தியச் சினிமா வரலாற்றில் ‘பார்வையாளர் கருத்து’ என்பதன் தொடக்கப் பக்கங்களில் இது எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய பார்வையாளரின் கருத்தை இதிலிருந்து துண்டித்துப் படிக்க முடியாது.

அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில், சாதியின் உயிர் அகமணமுறையில் இருக்கிறது என்றும், அதைக் காப்பாற்றவே பெண்ணின் மீது இத்தனை கட்டுப்பாடுகள் என்றும் காட்டினார். சாதிக்கு இரண்டு வகைப் பெண்கள் தேவைப்படுகிறார்கள். காவல் காக்கப்பட வேண்டிய ‘நம் வீட்டுப் பெண்’ ஒருத்தி. கூச்சமின்றிப் பார்க்கத்தக்க ‘அந்த மாதிரிப் பெண்’ இன்னொருத்தி. முதலாமவள் தன் விருப்பப்படி ஒருவனைப் பார்த்தால் அரிவாள் வரும். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், காதலித்ததற்காக ஒரு தலித் மென்பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டது எங்கள் மாவட்டத்தில்தான். இரண்டாமவள் யாரைப் பார்த்தாலும் கவலையில்லை, அவளைப் பார்ப்பதற்கு டிக்கெட் விற்கலாம். காவலும் டிக்கெட்டும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு வாசல்கள்.

இந்த வகைப் படங்களின் கதைகளை எடுத்துப் பாருங்கள். நான் ஆய்வுக்காகப் பார்த்தவற்றில் நாயகி பெரும்பாலும் உழைக்கும் பெண். தோட்டத் தொழிலாளி, வீட்டு வேலைக்காரி, விதவை, நர்ஸ், காட்டுவாசிப் பெண். ‘கின்னாரத்தும்பிகள்’ படத்தின் களமும் தேயிலைத் தோட்டமே. திரில்லர் என்ற அம்சம் எங்கே வருகிறது என்றால், ஆசைப்பட்ட பெண் செத்துப்போவதில் அல்லது பேயாக வருவதில். ஒன்றரை மணி நேரம் அவளைப் பார்த்து ரசித்தவருக்குக் கடைசிப் பத்து நிமிடத்தில் நீதி வழங்கப்படுகிறது. அவள் தண்டிக்கப்படுவாள், இவர் சுத்தமாக வீட்டுக்குப் போவார். “அவள்லாம் ஒரு பொம்பளையா” என்ற தீர்ப்பைத் திரைக்கதையே எழுதிக் கையில் கொடுத்து அனுப்புகிறது.

பெரிய பட்ஜெட் படங்களில் இது இல்லையா? குடும்பத்தோடு பார்க்கலாம் என்று சான்றிதழ் வாங்கிய நட்சத்திரப் படங்களில் ஒற்றைப் பாட்டுக்கு ஆடவந்த பெண்களின் இடுப்பைக் கேமரா எப்படிச் சுற்றியது என்பதை நம் அப்பாக்களும் நாமும் சேர்ந்து உட்கார்ந்தே பார்த்திருக்கிறோம். அதற்குப் பெயர் ‘கமர்ஷியல்’. அதே இடுப்பு 12 லட்ச ரூபாய்ப் படத்தில் வந்தால் ‘மட்டம்’. சுரண்டலிலும் இந்தத் தராசு பொய் சொல்லும். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2019 டிசம்பரில் அரசிடம் தரப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பாலியல் அத்துமீறல் பற்றி அது பேசியது சந்துபொந்துத் தியேட்டர் படங்களை மனதில் வைத்து அல்ல. விருதும் கைதட்டலும் வாங்கும் மரியாதையான மையநீரோட்டத்தைப் பற்றியே பேசியது.

சில்க் ஸ்மிதாவை எடுத்துக்கொள்வோம். ஏலூருப் பக்கத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்த விஜயலட்சுமி, 1980இல் ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் சில்க் ஆனார். ‘அலைகள் ஓய்வதில்லை’யில் நடிக்கத் தெரிந்தவர் என்று காட்டினார். திரையுலகம் அந்த நடிப்பைக் கேட்கவில்லை, அவருடைய கறுத்த உடலை மட்டுமே கேட்டது. 1996 செப்டம்பரில் சென்னையில் இறந்து கிடந்தார். 2011இல் அவர் வாழ்வைத் தழுவி ‘தி டர்ட்டி பிக்சர்’ வந்தது. அதில் நடித்த, பாலக்காட்டுத் தமிழ் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த வித்யா பாலனுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அவர் நன்றாக நடித்தார், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே அசைவுகள் ஓர் உடலில் ‘அசிங்கம்’, இன்னோர் உடலில் ‘துணிச்சல்’ என்று வாசிக்கப்படுவது ஏன்? ஆய்வாளர் ஜென்னி ரொவீனா அந்தப் படத்தை முன்வைத்து எழுதிய கட்டுரை, சாதியை விட்டுவிட்டு இந்த ‘அழுக்கை’ப் பேச முடியாது என்று வாதிட்டது. பெண்ணியம் பேசும் நம் நண்பர்கள் இன்னும் அதற்கு முழுப் பதில் சொல்லவில்லை.

ஷகிலாவுக்குப் பார்வையாளர் கொடுத்த இரண்டு பட்டங்களையும் யோசிக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் பெயரைச் சொல்வதே வசவாக இருந்தது. ‘குக்கு வித் கோமாளி’ இரண்டாவது பருவத்தில் சமைக்க வந்தபோது வீடு வீடாக அவர் ‘அம்மா’ ஆனார். இதை மாற்றம் என்று கொண்டாடினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் கவனியுங்கள். ஆசைக்குரியவளாக இருந்தபோது மறுக்கப்பட்ட மரியாதை, அடுப்புக்கு முன் தாயாக நின்ற பிறகே கிடைத்தது. நடிகையாக, உழைத்துச் சம்பாதித்தவராக, தியேட்டர்களை வாழ வைத்தவராக அவருக்குச் சேர வேண்டிய மரியாதை இன்னும் பாக்கி.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். “அப்படியானால் இந்தப் படங்களை நீங்கள் ஆதரிக்கிறீர்களா? ஆணின் கண்ணுக்காகப் பெண்ணுடலை விற்ற சரக்குதானே அவை?” ஆமாம், சரக்குதான். ஆதரிக்கவில்லை. நடிகைக்குத் தெரியாமலே வேறொரு பெண்ணின் உடற்காட்சியை இடையில் ஒட்டிய தொழில் அது. டூப்பாக நடித்த பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. தர்ஷனா ஸ்ரீதர் மினி இந்தப் படங்களைப் பற்றி எழுதிய ஆய்வு நூல் 2024இல் வந்தது. திரைக்குப் பின்னிருந்த உழைப்பையும், நடிகைகள் மீது விழுந்த களங்கத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் நூல் அது. களங்கம் என்பது வெறும் சொல் அல்ல. வாடகைக்கு வீடு கிடைக்காது, தங்கைக்குக் கல்யாணம் நடக்காது, சம்பளப் பாக்கியைக் கேட்டுக் காவல் நிலையம் போக முடியாது. ‘மட்டமானவள்’ என்று பார்வையாளர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் தயாரிப்பாளருக்கு லாபம். மரியாதை இல்லாதவளுக்கு ஒப்பந்தம் எதற்கு?

எதிர்ப் பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. பெண்ணின் ஆசையைக் காட்டினாலே கலகம் என்று தூக்கிப்பிடிப்பது. 2010இல் சாமி இயக்கிய ‘சிந்து சமவெளி’ மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையிலான உறவைக் கதையாக்கியபோது, பண்பாடு கெட்டது என்றொரு கூச்சல் எழுந்தது. கருத்துச் சுதந்திரம் என்று எதிர்க்குரலும் எழுந்தது. இரண்டு தரப்பும் சண்டையிட்டது மாமனாரின் மானத்துக்கும் இயக்குநரின் உரிமைக்கும். அந்த வீட்டுக்குள் அந்தப் பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல என்ன இடம் இருந்தது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அதில் நடித்த பெண் அதே ஆண்டு நவம்பரில் ‘மைனா’வில் வந்தபோது இதே பார்வையாளர்கள் உருகிப் பாராட்டினார்கள். இரண்டு படங்களுக்கும் நடுவே இரண்டே மாதங்கள். மாறியது நடிகை அல்ல, அவரை எந்தப் பெட்டியில் வைப்பது என்ற தீர்மானம் மட்டுமே.

‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) படத்தில் இந்தப் பெட்டி உடையும் ஒரு இடம் உண்டு. திருட்டுத்தனமாக நீலப்படம் பார்க்கும் சிறுவர்களில் ஒருவன் திரையில் தன் அம்மாவைக் காண்கிறான். பார்த்ததற்காக அவன் தன்மேல் கோபப்படவில்லை. நடித்ததற்காக அவளைக் கொல்ல ஓடுகிறான். ரம்யா கிருஷ்ணன் ஏற்ற அந்தப் பாத்திரம் பின்னர் சொல்வதன் சாரம் எளிய கணக்கு: பார்க்க லட்சம் பேர் இருக்கும்போது நடிக்கச் சிலர் இருப்பார்கள். ‘நம் வீட்டுப் பெண்’, ‘அந்த மாதிரிப் பெண்’ என்ற இரண்டும் ஒரே முகமாக வந்து நின்றதும் பார்வையாளனுக்குப் பதில் இல்லாமல் போகிறது.

பெண் பார்வையாளர்களின் கருத்தை யாரும் கேட்பதே இல்லை. எங்கள் பக்கம் பீடி சுற்றும் ஒரு அக்காவிடம் கேட்டேன். கை நிற்காமல் இலையை மடித்தபடியே சொன்னார்: “நானும் பாத்திருக்கேன் புள்ள, சீடியில. எங்க வீட்டுக்காரரு பரண்ல ஒளிச்சு வச்சிருந்தாரு. அவ நடிச்சு அவ குடும்பத்தத் தூக்கி நிறுத்துனா. இவரு பாத்துட்டு வந்து எங்கிட்ட எரிஞ்சு விழுந்தாரு. இதுல யாரு மோசம்னு நீயே சொல்லு.” உழைத்தவள் யார், உட்கார்ந்து பார்த்தவர் யார் என்பதிலிருந்து அவருடைய விமர்சனம் தொடங்குகிறது. அந்தப் படங்களைப் பற்றி நான் கேட்டவற்றில் சாதியின் தராசைத் தொடாத ஒரே கருத்து அதுதான்.

இளைய தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இப்போது கொட்டகை போய் கைப்பேசி வந்துவிட்டது. தலையில் துண்டு போட வேண்டிய தேவைகூட இல்லை. ஆனால் குறைந்த செலவில் எடுத்து ஓடிடியில் விடப்படும் கவர்ச்சித் தொடர்களைப் பற்றிப் பேசும்போது, கேலிப்படம் பகிரும்போது, அதே மூன்று பதில்களையே நம் தலைமுறையும் சொல்கிறது. முற்போக்காளர்களும் விதிவிலக்கல்ல. ‘சி கிரேடு’ என்ற சொல்லை நாமும் கூசாமல் பயன்படுத்துகிறோம். ஒரு படம் மோசம் என்றால் எதனால் மோசம் என்று சொல்லுங்கள். எழுத்தா, எடுத்த விதமா, ஒப்புதல் இல்லாத காட்சியா, கொடுக்காத கூலியா, ஆசைப்பட்ட பெண்ணைக் கொன்று முடிக்கும் நீதியா? இவற்றில் எதையும் சொல்லாமல் ‘மட்டம்’ என்று மட்டும் சொன்னால், பதில் படத்தைப் பற்றியது அல்ல.

ரோஸியின் பெயரில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரியில் கூகுள்கூட அவர் படத்தை முகப்பில் போட்டது. கல்லெறிந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தப் படத்தைப் பகிர்ந்திருப்பார்கள். நல்லதே. ஆனால் இறந்து மறைந்தவரை மதிப்பது சுலபம். ரோஸியை மதிப்பவர்கள் இன்று வேலை செய்துகொண்டிருக்கும், பட்டியலில் பெயர் வராத அந்தப் பெண்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் நம் சாதி மறுப்புக்குச் சோதனை இருக்கிறது.